ஆறு மணி வரைக்கும் வெயில்

பனி மூடின ஊரில் வெயில் பூட்டிக் கொடுப்பதுதான் என் தொழில்.

சிரிக்காதீர்கள். இலங்கை மலைநாட்டில், ஹட்டன் டவுனில் ஒரு மீன் தொட்டிக் கடையில் பதினைந்து வருஷம் வேலை செய்தேன். கடல் தண்ணீர்த் தொட்டி, அதற்குள்ளே பவளம், மேலே லைட்டு. பவளம் வெளிச்சத்தைத் தின்று வாழ்கிற உயிர். வெளிச்சம் குறைந்தாலும் சாகும், கூடினாலும் சாகும். வீட்டில் தொட்டி வைத்துத் தூக்கத்தைத் தொலைத்த மகராசன்களே, உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்! நான் லைட்டு பூட்டியதில் ஒரே ஒரு பவளத்தைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அதற்கு வருகிறேன்.

காயாத மேஸ்

தொண்ணூறுகளில் எல்ஈடி ஏது? பெரிய சூட்டு பல்புதான். கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத் துரை பங்களாவில் அப்படி ஒன்றைப் பூட்டியிருந்தேன். பல வருஷம் கழித்து எல்ஈடி வந்ததும், "கரண்டு மிச்சம், சூடே இல்லை" என்று துரையிடம் அளந்துவிட்டுப் பழையதைக் கழற்றினேன். அந்த ஊர்க் குளிரில் பல்புச் சூடுதான் தண்ணீரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை. மூன்றாம் நாள் மீனெல்லாம் மூலையில் விறைத்துப்போய் நின்றன. ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மீன் பிழைத்துவிட்டது. ஆனால் பங்களா சமையல்காரருக்கு மட்டும் என்மேல் கோபம் தீரவில்லை. வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பழைய லைட்டு மேலதாங்க தொரையோட கால் மேஸ் எல்லாம் காயப் போடுவேன். இதுல ஒரு கைக்குட்டகூடக் காயாதுங்களே!"

கத்தரிப்பூச் சேலை

ஹட்டனில் ஒரு ஹாஜியாரின் சேலைக் கடை. காசு மேசைக்குப் பக்கத்தில் தொட்டி. நீலம் கூடின லைட்டுதான் பவளத்துக்கு நல்லது, பார்வைக்கும் ஜோர் என்று நானேதான் தெரிவு செய்தேன். உயரத் தூக்கிக் கட்டினேன், வெளிச்சம் கடை முழுக்கப் பரவியது. ஹாஜியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு வாரத்தில் ஒரு அம்மா சேலையைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் போட்டார். கடைக்குள்ளே கத்தரிப்பூ நிறம், தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சிவப்பாம்! நான் லைட்டை இறக்கி, சுற்றிலும் தகரத்தால் மறைப்பு அடித்து, வெளிச்சத்தைத் தொட்டிக்குள்ளேயே அடக்கினேன். ஹாஜியார் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மீனுக்குப் புடிச்ச வெளிச்சத்த மீனுக்கே குடுங்க. மீன் வந்து சீல வாங்கப்போறதில்ல."

டீச்சர் கேட்ட வெயில்

இப்போது அந்தப் பவளம். யாழ்ப்பாணத்து விஞ்ஞான டீச்சர் ஒருவர் ஹட்டனில் தனியாக இருந்தார். சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்த காலம். அவருடைய வீடு கடற்கரையில், அம்மா அங்கே. போக வழியில்லை. ஒரு சின்னத் தொட்டி, அதில் உள்ளங்கை அகலத்தில் பழுப்பு நிறத்தில் ஒரே ஒரு பவளம். பழைய டியூப் லைட்டில் ஒருமாதிரி உயிரோடு இருந்தது. டீச்சர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "தம்பி, இந்த ஊரில மூண்டு மணிக்கே பொழுது பட்டுப் போகுது. என்ர தொட்டிக்குள்ளயாவது ஆறு மணி மட்டுக்கும் வெயில் நிக்கவேணும்."

நான் மலைநாட்டான். வெயில் கூடிப்போச்சு என்று எங்கள் ஊரில் எவனும் அழுதது கிடையாது. இருக்கிறதிலேயே பலமான எல்ஈடியை எடுத்து, தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் கட்டி, முதல் நாளே காலையிலிருந்து ஆறு மணி வரைக்கும் டைமர் வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

பத்தாம் நாள் கூப்பிட்டார். பவளம் சுருங்கி, அவித்த முட்டை மாதிரி வெளுத்துக் கிடந்தது. டீச்சர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார்: "கடலுக்குப் போகேலாதெண்டுதானே தம்பி இதை வச்சிருக்கிறன். இதுவும் போனால் எனக்கு இஞ்ச என்ன இருக்கு?"

நர்சரிப் பந்தல்

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்க முடியவில்லை. என் மனைவி செல்வி கல்யாணத்துக்கு முன்பு தோட்டத்துத் தேயிலை நர்சரியில் வேலை செய்தவள். நடந்ததைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். "நெழல்ல வளந்த கன்னுக்கு ஒரே நாள்ல பந்தலப் பிரிச்சா வெந்து போகாதா? நாங்க வாரா வாரம் கொஞ்சங் கொஞ்சமாத்தான் பிரிப்போம். லயத்துல பொறந்த மனுசன், இதுகூடவா தெரியாது ஒங்களுக்கு?"

மறுநாளே லைட்டை ஒரு முழத்துக்கு மேலே தூக்கினேன். கட்டிலுக்குக் கட்டிய பழைய நுளம்பு வலையை நாலு மடிப்பாக மடித்துத் தொட்டிமேல் விரித்தேன். வெளிச்சம் முதலில் நாலே மணித்தியாலம். வாரத்துக்கு ஒரு மடிப்பு குறைத்து, நேரத்தைக் கூட்டினேன். ஞாயிறு தவறாமல் செல்வியும் கூட வந்து, நாற்றுப் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்ப்பாள். நாலு வாரமும் வெள்ளைதான். கடைசி மடிப்பையும் எடுத்த பிறகு ஒரு ஞாயிறு, ஓரத்தில் லேசாகப் பழுப்பு தெரிந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, வெட்கமென்ன! செல்விதான் முதலில் வாயைத் திறந்தாள். "துளுத்துருச்சுங்க டீச்சர்."

சுகம் கேட்டது

பாதை திறந்தது. டீச்சருக்கு ஊருக்கே இடமாற்றம் கிடைத்தது. அத்தனை தூரம் லொறியில் பவளம் தாங்காது என்று தொட்டியை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். போகும்போது டைமரை மட்டும் இரண்டு தரம் தொட்டுப் பார்த்தார்.

ஒரு கார்த்திகை மாதம், பின்னேரம் நாலு மணி இருக்கும், டீச்சரிடமிருந்து போன். "தம்பி, இஞ்ச நாலு நாளா விடாத மழை. கடலும் கறுத்துப் போய்க் கிடக்கு. அங்க வெயில் நிக்குதோ?" என்றார். எங்கள் வாசல் வரைக்கும் பனி மூடி, எதிர் வீடுகூடத் தெரியவில்லை. தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். "நல்லா நிக்குதுங்க டீச்சர். ஆறு மணி வரைக்கும் நிக்கும்," என்றேன். மழைச் சத்தத்துக்கு நடுவில் டீச்சர் சொன்னார்: "அப்ப சரி. லைட் அணைய முன்னம், நான் சுகம் கேட்டதெண்டு அதுக்கு ஒருக்காச் சொல்லும்."

ஊராருக்கெல்லாம் வெயில் பூட்டிக் கொடுத்ததில் எனக்கு மிஞ்சியது, தினமும் ஆறு மணிக்கு முன்பு ஒரு பவளத்திடம் குனிந்து சுகம் விசாரிக்கிற இந்தப் பைத்தியம் ஒன்றுதான்.