சாட்சிக் கூண்டில் சொல்ல வேண்டிய சொல்

செங்கல்பட்டு நீதிமன்றத்தில் நான் தட்டச்சராக இருந்தபோது, பாதி வாக்கியத்தில் என் விரல்கள் நின்றுபோன ஒரு முற்பகல் இன்னும் நினைவிருக்கிறது. சாட்சி சொல்வதைக் கேட்டு நீதிபதி சொல்லுவார், நான் கணினியில் அடிப்பேன். 'எதிரி என்னைப் பார்த்து' என்பது வரை வந்தாயிற்று. மூன்று சொற்கள். நான்காவது வரவில்லை. மின்சாரம் போய் அந்த மூன்றும் அழிந்துவிடுமோ என்று எனக்குக் கவலை.

கூண்டில் நின்றவர் அச்சரப்பாக்கம் பக்கத்து ஊர்ப் பள்ளியின் சத்துணவுச் சமையலர் அம்மா. அவர் ஆக்கிய சோற்றைத் தன் பிள்ளை தின்னக்கூடாது என்று பள்ளி வாசலில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், சாதிப் பேர் சொல்லித் திட்டியதாக வழக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பிறர் கேட்கத் திட்டினாரா என்பது அதில் முக்கியம்.

"எட்டு பேரு இருந்தாங்க ஐயா. ஒருத்தரும் இன்னான்னு கேக்கல."

"என்ன சொல்லித் திட்டினார்?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"அசிங்கமா."

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். "என்ன வார்த்தைன்னே சொல்லலீங்களே ஐயா, அப்புறம் கேஸ் எங்க இருக்கு?"

சட்டப்படி அவர் கேட்டது சரிதான். புகாரில் எழுதியிருந்தாலும் சாட்சி வாயால் வர வேண்டும். பணப்பையைப் பறிகொடுத்தவரை மறுபடி பறிகொடுத்துக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் குற்றத்துக்கு மட்டும் ஏன் இப்படி? ஓய்வுபெற்று மாமல்லபுரத்து வீட்டில் உட்கார்ந்து இன்றும் யோசிக்கிறேன். வெறுப்புப் பேச்சுக்குப் புதுச் சட்டம் வேண்டுமா என்று தொலைக்காட்சியில் ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

அந்த அம்மா கடைசி பெஞ்சைக் காட்டினார். "எம் பொண்ணு உக்காந்துகினு கீது ஐயா. இந்தப் பேச்சு அது காதுல வுழக் கூடாதுன்னுதான் டவுன் ஹாஸ்டல்ல வுட்டுக் காலேஜ் படிக்க வெக்கிறேன்."

பெண்ணை வெளியே அனுப்ப நீதிபதி கை தூக்குவதற்குள் அவளே எழுந்துவிட்டாள்.

"சொல்லும்மா. ஹாஸ்டல்ல எனக்கு அந்தப் பேருதான்."

டவாலிச் சேவகர் அவளை அதட்டினார். அம்மா நீதிபதியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்னார். நீதிபதி சொல்ல, நான் அடித்தேன். பின்னால் தண்டனை கிடைத்தது அந்தச் சாட்சியத்தால்தான்.

ஆனால் சொல்லி முடித்த கையோடு அவர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

"எப்போலேருந்துடி?"

இதையும் அடிக்கச் சொல்வாரோ என்று நீதிபதியைப் பார்த்தேன். அவர் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.