பின்னால் இரண்டு தட்டு

நான் குடிப்பவன் இல்லை. அன்றைக்குக் காய்ச்சலும் இல்லை. முந்தின நாள் மாலையே படுத்து நன்றாகத் தூங்கி எழுந்திருந்தேன். யாரிடம் சொன்னாலும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு நிமிடம்கூட மாற்றவில்லை.

என் பெயர் ஜாக்சன். ஆவடி சேக்காட்டுக்காரன். இப்போது ஓமானில் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறேன். அறையில் ஆறு கட்டில். தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பேச ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

அப்போது நான் கேரவன் டிரைவர். ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்கார, படுக்க, உடை மாற்ற உள்ளேயே ஒரு வீட்டைக் கட்டி வைத்த வண்டி. கரையான்சாவடியில் அப்துல் ரசாக் பாயின் ஷெட். அவரிடம் சின்ன வண்டி நான்கு, பெரிய வண்டி ஒன்று. பெரியது பஸ்ஸைவிட ஒரு முழம் நீளம். ஹீரோவுக்கு மட்டும்தான் போகும். அதை ஓட்டியவர் வேம்புலி அண்ணன்.

பதினோரு வருஷத்தில் அந்த வண்டியில் ஒரு கீறல் கிடையாது. எந்த ஸ்பாட்டுக்குப் போனாலும் புரொடக்‌ஷன் ஆட்கள் டீயை முதலில் அவருக்குத்தான் நீட்டுவார்கள். பிறகுதான் எங்களுக்கு. நான் சின்ன வண்டியைச் சந்தில் நுழைத்துவிட்டு வியர்த்துப் போய் இறங்கினால், "வேம்புலி இருந்தா ரெண்டே நிமிசத்துல வுட்டிருப்பாரு" என்பார்கள். வீட்டுக்குப் போனால் என் மனைவி ஸ்டெஃபியும் அதையே சொல்வாள். "அந்த அண்ணன் கூடவே கீறியே, கொஞ்சம் கத்துக்கினா இன்னா?"

எனக்கு வயிறு எரியும். உண்மையைச் சொல்வதற்கென்ன, சோறு இறங்காத அளவுக்கு எரியும். அவர் வலது கையில் ஒரு செப்பு மோதிரம் போட்டிருப்பார். பூந்தமல்லி கடைத்தெருவில் அதேபோல் ஒன்றை வாங்கி நானும் போட்டுப் பார்த்தேன். விரல் கறுத்ததுதான் மிச்சம்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. பெரிய வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஒருவன் நின்று பாடியைத் தட்டுவான். இரண்டு தட்டு என்றால் வா. ஒரு தட்டு என்றால் நில். கண்ணாடி ஏமாற்றும், பின்னால் மாட்டிய கேமரா மழையில் மங்கும். தட்டு ஏமாற்றாது. டிரைவர் தன் கண்ணைப் பின்னால் நிற்பவன் கையில் கொடுத்துவிட்டு ஓட்டுகிறான். பொய்த் தட்டு தட்டுகிறவனை ஷெட்டில் யாரும் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

நான் தட்டினேன்.

ஆடி மாதம். கரையான்சாவடியிலிருந்து உள்ளே போனால் ஒரு மாந்தோப்பு. சனி, ஞாயிறு அம்பத்தூர் கம்பெனி ஆட்கள் வந்து கூடாரம் போட்டுத் தங்குகிற கேம்ப். மற்ற நாளில் ஷூட்டிங்குக்கு விடுவார்கள். உள்ளே போகும் பாதை பெரிய வண்டி ஒன்று நுழைகிற அகலம்தான். மூன்று வளைவு. திருப்ப இடமே இல்லை. அதனால் கேட்டிலிருந்தே ரிவர்ஸில் போக வேண்டும். மூன்றாவது வளைவில் ஒரு பக்கம் மோட்டார் ரூம், மறுபக்கம் இரும்பு விளக்குக் கம்பம். அதைத் தாண்டினால் குட்டை.

அன்றைக்குப் பெரிய வண்டிக்குத் தட்டுகிற துலுக்கானம் அண்ணன் லீவு. நான் போய்ப் பின்னால் நின்றேன். வேம்புலி அண்ணன் நூல் பிடித்த மாதிரி வந்தார். கம்பத்துக்கும் வண்டிக்கும் ஒரு சாண் இருந்தது. ஒரு தட்டு தட்ட வேண்டிய இடம்.

இரண்டு தட்டினேன்.

ஒரு சின்னக் கீறல் விழட்டும் என்றுதான் நினைத்தேன். மூலை நசுங்கி, பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி பொடிப்பொடியாக உதிர்ந்தது.

அவர் இறங்கி வந்தார். கத்தவில்லை.

"எத்தினி தட்டுன ஜாக்சா?"

"ஒண்ணுதான் அண்ணாத்தே."

"எனக்கு ரெண்டு கேட்டுச்சே."

"வயசாவுதுல்ல, காது கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிறகு தன் காதைத் தொட்டுக்கொண்டார். சாயங்காலம் ஷெட்டுக்குப் போய்ப் பாயிடம் அவராகவே சாவியைக் கொடுத்துவிட்டார். "காது போச்சு பாய். இனிமே நான் ஓட்டக் கூடாது. வண்டிக்குள்ள ஆளுங்கோ இருப்பாங்கோ." பாய் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை.

சாவி எனக்கு வந்தது. பாய் ஒன்றே ஒன்று சொன்னார். "இன்னொரு கீறல் வுழுந்தா பெரிய வண்டியும் கெடையாது, சின்ன வண்டியும் கெடையாது. பாத்துக்கோ."

வேம்புலி அண்ணன் எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் முகத்தைப் பார்க்க வேண்டி வரும்.

நவம்பரில் அதே தோப்புக்கு வண்டி கேட்டார்கள். புதுப் படம், முதல் நாள். ஐந்தே காலுக்குள் பெரிய வண்டி குட்டை ஓரம் நிற்க வேண்டும். அதற்குப் பின்தான் ஜெனரேட்டர் வண்டி உள்ளே வர முடியும். விடியற்காலை 4:21க்குக் கேட் வாசலில் இருந்தோம். ராத்திரி முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. கரண்ட் இல்லை. தோப்புக்குள் ஒரு விளக்குகூட எரியவில்லை.

கேட்டைத் திறந்துவிட்டுத் துலுக்கானம் அண்ணன் ஜன்னலண்டை வந்தார்.

"ரோட்டு முனைல டீக்கடை தொறந்து கீது. வாங்கியாறேன். அதுவரைக்கும் வண்டிய ஆட்டாத நைனா. சேறு."

வண்டியின் பின்பக்கத்தைத் தோப்புக்குள் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். என் முகம் ரோட்டைப் பார்த்து. முதுகு தோப்பைப் பார்த்து.

4:33. பின்னால் சத்தம் கேட்டது.

தப்... தப்...

இரண்டு தட்டு. அண்ணன் அதற்குள் வந்துவிட்டார் போல என்று நினைத்தேன். ரிவர்ஸ் போட்டு மெல்ல விட்டேன். முதல் வளைவு எப்போதும் எனக்கு மூன்று தரம் ஒடித்தால்தான் வரும். அன்றைக்கு ஒரே ஒடிப்பில் வந்தது. தட்டு வருகிற நேரம் அவ்வளவு கச்சிதம். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே ஒன்று. எங்கே வர வேண்டுமோ அங்கே இரண்டு.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் ஒரு சின்ன உலோகச் சத்தம்.

தப்... டிங்.

டார்ச் லைட்டைக் கையில் வைத்துக்கொண்டு தட்டுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

4:41. இரண்டாவது வளைவு. கேமரா திரையைப் பார்த்தேன். மழை விட்டதும் லென்ஸைத் துடைத்து வைத்திருந்தேன், பளிச்சென்று தெரிந்தது. சேறு, மாமர இலை, பின்விளக்கின் சிவப்பு வெளிச்சம்.

ஆள் இல்லை.

தப்... தப்... டிங்.

ஓரமாக நிற்கிறார் போல. கேமராவில் விழவில்லை. வேறென்ன இருக்க முடியும்?

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். "அண்ணே, டீ இன்னாச்சு?"

இரண்டு தட்டு மட்டும் வந்தது.

4:44. முன்கண்ணாடியில் ஒரு டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. கேட் பக்கத்திலிருந்து. வண்டிக்கு முன்னால்.

துலுக்கானம் அண்ணன். ஒரு கையில் டீ பார்சல். ஒரு கையில் டார்ச்.

"இன்னா மாமே, ஆட்டாதன்னு சொன்னேன்ல? ஒண்டியா இம்மாந்தூரம் வந்துக்கினியா?"

திரும்பிக் கேமரா திரையைப் பார்த்தேன்.

அப்போது பின்னால்...

தப்... தப்... டிங்.

டீ பார்சல் சேற்றில் விழுந்தது. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"டேய்... அது வேம்புலி தட்டுடா. அவுரு மோதரம் கேக்குது பாரு."

வேம்புலி அண்ணனே வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நிமிஷம் எனக்கு வந்தது பயம் இல்லை, எரிச்சல். சாவி என் கையில், சீட்டில் நான். இப்போதும் நீதான் ஓட்டிக் காட்ட வேண்டுமா என்று.

துலுக்கானம் அண்ணன் டார்ச்சோடு வண்டியை ஒட்டிப் பின்னால் போனார். அரை நிமிடம் இருக்கும். ஓடி வந்தார்.

"யாரும் இல்ல."

"மரத்து பின்னால பாத்தியா?"

"சேத்துல காலடி கூட இல்ல ஜாக்சா. நான் பின்னால போமாட்டேன். இனிமே கூப்டாத."

வெளியே எடுத்துவிடலாம் என்று முதல் கியர் போட்டேன். சக்கரம் சேற்றில் சுற்றியது. வண்டி முன்னால் போகவில்லை. சரிவில் பின்னால் வழுக்கியது... மெல்ல... மூன்றாவது வளைவை நோக்கி.

பிரேக்கை மிதித்தேன். நின்றது. காலைத் தளர்த்தினால் மறுபடி வழுக்கியது.

4:49.

இடது பக்கம் மோட்டார் ரூம். வலது பக்கம் அந்தக் கம்பம். கண்ணாடியில் இருட்டு மட்டும்தான் தெரிந்தது. திரையில் பழுப்பாகச் சேறு.

தப்... தப்... டிங்.

வா என்கிறது.

விட்டேன். ஓர் அடி.

தப்... தப்... டிங்.

இன்னும் ஓர் அடி. கம்பம் எங்கே இருக்கிறது? எவ்வளவு தூரம்? தெரியாது. அதைத் தாண்டினால் குட்டை. மழையில் நிரம்பிக் கிடக்கிறது.

தப்... தப்... டிங்.

இதே இடம். இதே கம்பம். நான் தட்டிய அதே இரண்டு.

ஏசப்பா என்று வாய் முணுமுணுத்தது.

தப்... தப்...

"அண்ணாத்தே." இருட்டைப் பார்த்துச் சொன்னேன். "அன்னிக்கி ரெண்டு தட்டுனது நான்தான். உன் காது நல்லாத்தான் கீது."

சத்தம் நின்றது.

தவளைகூடக் கத்தவில்லை.

வண்டி வழுக்குகிறது...

மெல்ல...

தப்.

ஒன்று.

பிரேக்கை முழுசாக மிதித்தேன். கை பிரேக் போட்டேன். டேஷ்போர்டில் மணி 4:52.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி நுழையும். அவ்வளவுதான் இடம். ஒரு கீறல் இல்லை. பின்பக்கத்தில் மழை ஈரம் பூத்திருந்தது. அந்த ஈரத்தின் நடுவில் ஒரு உள்ளங்கை அடையாளம். மோதிர விரல் இருக்கும் இடத்தில் ஒரு வளையம்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர் வழிந்து அழிந்தது.

வெளிச்சம் வந்தபின் சக்கரத்துக்குக் கல் போட்டு வண்டியை ஓரம் கட்டினோம். புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து வண்டி வந்திருந்த தடத்தைப் பார்த்தார். முதுகில் தட்டினார். "சும்மா சொல்லக் கூடாதுப்பா, அப்படியே வேம்புலி வுட்டாப்ல கீது."

அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. எரிந்தது.

பத்தரைக்குப் பாயிடமிருந்து போன். வேம்புலி இறந்துவிட்டார்.

எங்கள் ஷெட்டை விட்டுப் போனபின் அவர் அம்பத்தூரில் ஒரு தண்ணீர் லாரியில் ஹோஸ் பிடிக்கும் வேலைக்குப் போயிருக்கிறார். காது போய்விட்டது என்று ஸ்டியரிங்கைத் தொடவே இல்லையாம். டேங்கின் மேலே ஈரத்தில் கால் வழுக்கி விழுந்து, தலையில் அடி. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அனுசுயா என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"மூணு நாளு கண்ணே தொறக்கல தம்பி. இந்த வலது கை மட்டும் நிக்கவேயில்ல. மோதரத்தால கட்டிலு கம்பியத் தட்டிக்கினே கீது. ரெண்டு ரெண்டா. பக்கத்து பெட்டுக்காரங்கோ தூங்க முடிலன்னு சண்டைக்கி வந்துட்டாங்கோ. இன்னிக்கி காலைல ஒரே ஒரு தட்டு. அத்தோட கை வுழுந்துச்சு."

"எத்தினி மணிக்கு அண்ணி?"

"அஞ்சாவ எட்டு நிமிசம் இருந்துச்சு. ஆஸ்பத்திரி செவுத்துல கடியாரம் எதுக்கால கீது."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். போன வாரம் கூட்டிக்கினு போயி காது டெஸ்டு எடுத்தேன். கொயந்த காது மாரி சுத்தமா கேக்குதுன்னாரு டாக்டரு. அன்னிக்கி ராத்திரி தனியா குந்திக்கினு சிரிச்சாரு. இன்னாய்யான்னு கேட்டேன். 'ஜாக்சனுக்கு நான் ஒரு தட்டு பாக்கி'ன்னாரு. அது இன்னா தம்பி? உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெரிய வண்டியை அதன்பின் நான் தொடவில்லை. அதற்கு நான்காம் மாதம் இங்கே ஓமானுக்கு வந்துவிட்டேன். அந்தப் பாக்கி 4:52க்கே தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

தினமும் மாலை லேபர் கேம்ப்புகளுக்குத் தண்ணீர் விட வேண்டும். தகர அறைகளுக்கு நடுவே ஒற்றைப் பாதை. ரிவர்ஸில்தான் போக முடியும். இங்கே டேங்கருக்குப் பின்னால் தட்ட ஆள் வைப்பதில்லை. நான் ஒருவன்தான்.

முதல் நாளே கேட்டது. இன்றைக்கும், மாலை 6:10க்குக் கேட்டது.

தப்... தப்... டிங்.

இதுவரை ஒரு தட்டுகூடப் பொய்யில்லை.

இருந்தாலும் ஒவ்வொரு தட்டுக்கும் நான் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறேன்.