ஏணியில் வைத்த சப்போர்ட்

பேய் கதைன்னு எவனாவது ஆரம்பிச்சாலே எழுந்து போயிடுற ஆளு அண்ணா நான். இப்ப நானே உங்ககிட்ட சொல்லிக்கினு இருக்கேன், என்ன கொடுமை பாருங்க. நம்புங்க, நம்பாம போங்க, ஆனா நடுவுல மட்டும் சிரிக்காதீங்க.

திருப்பதியில ஒரு காலேஜ்ல பிஎச்டி பண்றேன். பழைய தண்ணி டேங்க் எவ்வளவு தாங்கும்னு கம்ப்யூட்டர்ல மாடல் பண்ணி பாக்குறதுதான் வேலை. முழு டேங்க்கையும் பொடிப்பொடி கட்டமா பிரிச்சி, ஒவ்வொண்ணுக்கும் கணக்கு போடும். நான் எடுத்துக்கினது சத்தியவேடு பக்கம் எங்க ஊரு டேங்க். எங்க நைனாதான் அதுல தண்ணி விடுறவர், பஞ்சாயத்து வேலை. அவர் ஏறுற இரும்பு ஏணியைக்கூட விடாம வரைஞ்சிருந்தேன்.

எந்த மாடலா இருந்தாலும் மொதல்ல ஒரு செக் பண்ணுவோம். வேற லோடே குடுக்காம ரன் பண்ணணும், டேங்க்கோட சொந்த வெயிட்டும் கீழ தரை தாங்குறதும் ஒண்ணா வரணும். அன்னிக்கு மத்தியானம் வரல. தரை தாங்குறது கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு ஆளு வெயிட்டுதான் இருக்கும். எல்லாத்தையும் திருப்பித் திருப்பி பாத்தேன், தப்பே இல்ல. அந்த ஜாஸ்தி எங்கடா இருக்குன்னு தேடினா, ஏணியோட கீழ்ப்படியில. மறுபடி ரன் பண்ணேன். ரெண்டு படி மேல போயிருந்துச்சு.

அந்த ஏணியில ஏறுறது நைனா மட்டும்தான். நைனாவுக்கு போன் போட்டேன்.

"எங்க நைனா கீற?"

"டேங்க்காண்டதான்டா. பிளீச்சிங் பவுடர் போடணும், ஏறிக்கினு இருக்கேன்."

"வேணாம் நைனா, எறங்கிடு. கம்ப்யூட்டர்ல வெயிட் ஜாஸ்தி காட்டுது."

அவர் சிரிச்சார். "நீ சோறு துன்னியா இல்லியா? போய் மொதல்ல துன்னு"ன்னு வச்சிட்டார். அப்புறம் எத்தனை வாட்டி அடிச்சும் எடுக்கல. திருப்பதியிலிருந்து பஸ் புடிச்சி எப்ப போய் சேர்றது? ரன் பண்ணா மேல போகுது, ரன் பண்ணா இன்னும் மேல போகுது, நான் உக்காந்து பாத்துக்கினு இருக்கேன்.

வேற ஒண்ணும் தோணல அண்ணா. ஏணி உச்சியில, அந்த வெயிட் நின்ன படியில, தரை மாதிரி தாங்குறதுக்கு மாடல்ல ஒரு சப்போர்ட் வச்சேன். நெசத்துல அங்க ஒண்ணும் கெடையாது, வெறும் காத்து. ஆனா ரன் பண்ணதும் அந்த ஜாஸ்தி மொத்தமும் அது மேல வந்து உக்காந்துச்சு. திருப்பி ரன் பண்ணேன், நகரல. அப்பாடான்னு இருந்துச்சு, சத்தியமா.

அப்பதான் எங்க கைடு சார் பின்னாடி வந்து நின்னார். "ஏமய்யா இதி? ஏணிப் படியில எவனாவது சப்போர்ட் குடுப்பானா? தீசெய், எடு அத"ன்னார்.

என்னன்னு சொல்றது? எங்க நைனா அது மேல நிக்கிறார்னா? சார் சொன்னா எடுத்து பழகின கை, எடுத்துடுச்சு. ரன் பண்ணேன். ரெண்டு கணக்கும் அப்படியே ஒத்துப் போச்சு, ஏணியில ஜாஸ்தி வெயிட்டே இல்ல. "சூசாவா? இப்ப சரியா வந்துச்சு பாரு"ன்னு தோள்ல தட்டிட்டு போனார்.

ஊர்லருந்து போன் வந்தப்ப எடுக்கவே பயந்தேன். நைனா போயிட்டார்.

காரியத்தன்னிக்கு எதிர்வீட்டு அக்கா ஒண்ணு சொன்னாங்க. அன்னிக்கு டேங்க் கீழ தண்ணி புடிச்சிக்கினு இருந்தவங்க. "மேல கால் வழுக்கிச்சிப்பா, ஆனா உடனே உழல. கையும் புடிக்கல, காலும் படியில இல்ல, காத்துலயே நின்னார். அவரே கீழ பாத்து ஆச்சரியமா சிரிச்சார். ஏதோ தாங்கிக்கினு இருந்துச்சு. அப்புறம்தான் வுட்டுடுச்சு."

சப்போர்ட் வச்சதையும் எடுத்ததையும் யார்கிட்டயும் சொல்லல, இப்ப உங்ககிட்டதான்.

சாருக்கு தெரியாம அந்த ஃபைல்ல அதே படியில சப்போர்ட்ட மறுபடி வச்சிருக்கேன். தெனம் காலையில போனதும் ஒரு வாட்டி ரன் பண்ணுவேன். அது மேல ஏணி வெயிட்ட தவிர வேற ஒண்ணும் வந்து உக்கார்றதில்ல.