கறுப்புச் சட்டியில் ஒரு பிடி சோறு

என் மூத்த பேத்தி பல் வைத்தியத்துக்குப் படித்து முடித்துவிட்டாள். பேரன் இங்கே டோர்வல் விமான நிலையத்தில் விமானம் திருத்துகிற வேலையில் சேர்ந்துவிட்டான். கடைக்குட்டி பிரெஞ்சுப் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்து கோப்பை வாங்கினாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இதையெல்லாம் சொல்ல முதலில் தேடுவது ஜமீன் ஐயாவைத்தான். கோப்பைச் செய்தியோடு தொலைபேசியில் அழைத்தேன். அவருடைய மகன் எடுத்தார். "அப்பா காலையில போயிட்டார் ஆன்ட்டி."

நம் கோயிலுக்கு வருகிற எல்லாருக்கும் ஐயாவைத் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்து ஜமீன் குடும்பம். பரம்பரை நிலத்தை விற்ற காசை, ஊர்ப்பக்கத்து ஆதிகாலப் புதைகுழிகளைத் தோண்டி ஆராய்கிறவர்களுக்குக் கொடுத்தவர். "எங்க தாத்தாவுக்குப் பேர் இருக்கு, படம் இருக்கு. இவங்களுக்கு யாரும்மா இருக்கா?" என்பார். இங்கே டொலார்ட் பக்கம் இருந்த அவர் வீட்டில் நான் ஆறு வருடம் சமைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேஸ்மன்ட் அலமாரியில் ஒரு சின்னக் கறுப்புச் சட்டியைக் கண்டேன். அடியில் ஏதோ காய்ந்து பிடித்திருந்தது. சவர்க்காரம் போட்டு, கம்பி நாரால் தேய்த்து, பளபளவென்று கொண்டுபோய்க் காட்டினேன்.

"என்ன ஐயா, ஜமீன் வீட்டில ஒரு சட்டி கழுவ ஆளில்லையோ?"

அவர் முகம் வெளுத்தது. ஏசவில்லை. "அது ஒரு குழந்தையைப் புதைச்ச தாழியில இருந்ததும்மா. அஞ்சு வயசுப் பொண்ணு. பெத்தவ வச்ச சோறு அது" என்றார். சட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "யாருக்கும் தெரியாம எடுத்துட்டு வந்தேன். என் காசுல தோண்டினது, என்னுதுன்னு நெனச்சேன். இப்போ அவளுக்குப் பசிக்குமே" என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் சாப்பிடுமுன் அதில் ஒரு பிடி சோறு வைக்கச் சொன்னார். வைத்தேன். பின்னேரம் பார்த்தால் பாதிதான் இருக்கும். எலியென்று நினைத்து அலமாரித் தட்டில் மாவைத் தூவினேன். மாவில் ஒரு தடமும் இல்லை. சோறு குறைந்திருந்தது.

"ஐயா, எனக்குப் பயமாக் கிடக்கு."

"எனக்கும்தாம்மா. ஆனா வைக்காம இருக்க அதைவிடப் பயம்."

சட்டியை அந்தக் குழியிலேயே திருப்பி வைக்கவேண்டும் என்று மகனிடம் இரண்டு தரம் கேட்டார். மகன் சிரித்தார். பேந்து, கொஞ்ச நாளில், ஐயாவால் படுக்கையை விட்டு எழும்ப முடியவில்லை.

ஐயா போய் எட்டாம் நாள் மகன் வீட்டை ஒதுக்கியபோது உதவிக்குப் போனேன். சட்டி குப்பைப் பெட்டியில் கிடந்தது. அதை எடுத்து அவர் கையில் வைத்து, நடந்தது முழுவதையும் சொன்னேன்.

"நீங்க இதை நம்புறீங்களா ஆன்ட்டி?"

"தம்பி, நான் கழுவினனான். எனக்குத் தெரியும்."

சட்டியை என்னிடமே திருப்பித் தந்தார். அவர் இந்தியா போகும்வரை அது என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், இருந்தது. அங்கேயும் சோறு குறைந்தது. என் மகள் அந்தப் பக்கமே வரவில்லை.

அஸ்தி கரைக்கப் போனபோது மகன் சட்டியையும் கொண்டுபோனார். ஆராய்ச்சிக்காரரிடம் உண்மையைச் சொல்லி, அவர்களைக் கொண்டே சட்டியை அந்தக் குழியில் இறக்கி மூடுவித்தாராம். "முடிஞ்சுது ஆன்ட்டி" என்று அங்கிருந்தே அழைத்துச் சொன்னார்.

அன்றைக்கும் பழக்கத்தில் சின்னத் தட்டில் ஒரு பிடி வைத்திருந்தேன். பின்னேரம் பார்த்தேன். வைத்தபடியே இருந்தது.

ஐயாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பிடிச்சோறுதான். இன்றும் வைக்கிறேன், இப்போது ஐயாவுக்கு.

ஒன்று கேட்கவேண்டும். கோயில் இணையப் பக்கத்தில் ஐயாவின் படமாகப் போட்டிருப்பது அந்தச் சட்டியைக் கையில் ஏந்தியிருக்கிற படம். சட்டியை உரியவளிடம் கொடுத்தாயிற்று. தயவுசெய்து அவர் வெறுங்கையோடு இருக்கிற புதுப் படம் ஒன்று போடுங்கோ.