என்னை வழியனுப்ப வந்த பலகாரங்கள்

எண்பதுகளின் தொடக்கம். அப்போது நான் கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகு தரம் பிரிக்கும் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஒரு மழைக்காலத்தில் வலது அடிவயிற்றில் வலி பிடித்தது. தின்றது தங்கவில்லை. சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துபோனேன்.

எறணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சுண்ணாம்புக் கரைசல் போல ஒன்றைக் குடிக்க வைத்து, விட்டுவிட்டு எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்டர் என் கணவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவர், "கொடல்ல கொஞ்சம் வீக்கமாம்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்துப் பள்ளுருத்தியில் இருந்த சித்தி அதிரசம் சுட்டுக்கொண்டு வந்தார். ஊரிலிருந்து நாத்தனார் அல்வாவோடு வந்து இறங்கினாள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இனிப் பிழைக்க மாட்டார் என்று ஆகிவிட்டால், அவருக்குப் பிடித்ததை உறவுக்காரர்கள் செய்து கொண்டுவந்து ஊட்டுவார்கள். நானே எத்தனையோ பேருக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அதனால் தட்டைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு வாயாவது தின்னுங்க மதினி. ஒங்களுக்குப் பிடிக்குமேன்னு வாங்கியாந்தேன்."

"ஏட்டி, என் கல்யாணத்துக்கே நீ கால் கிலோ வாங்கிட்டு வரல. இப்ப மட்டும் என்ன? எனக்கு என்னன்னு சொல்லிட்டு ஊட்டு."

அவள் உடைந்து அழுதாள். "புத்துநோயாம் மதினி. அண்ணந்தான் சொன்னாவ."

நான் அழவில்லை. மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் போட் ஏறி அந்த டாக்டரிடமே போனேன். என் வயிற்றில் இருப்பதை என்னிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் மெட்ராஸில் படித்த மலையாளி. தமிழ் கலந்து பேசுவார்.

"புத்துன்னு ஆரு சேச்சி சொன்னது? சயமா இருக்கலாம், அதான் டி.பி., இல்லேன்னா புத்தா இருக்கலாம்னு ரெண்டும்தானே நான் உங்க வீட்டு சேட்டன்கிட்ட சொன்னேன்?"

படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் குடல் சுவர் தடித்து, வழி நூல் மாதிரி ஒடுங்கியிருந்தது.

"தடிச்சிருக்குன்னு படம் சொல்லும் சேச்சி. எதனால தடிச்சதுன்னு படத்துக்கு அறியில்லா. சயம், புத்து, ஆறாத புண்ணு, எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் காணும்."

பிறகு என்னைக் கேட்டார். சாயங்காலம் காய்ச்சல் அடிக்குமா? அடிக்கும், கிடங்குத் தூசியால் என்று நினைத்திருந்தேன். ராத்திரி வியர்க்குமா? வியர்க்கும். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருந்ததா? மாமியார் இருமி இருமித்தான் போய்ச் சேர்ந்தார், கடைசிவரை பார்த்துக்கொண்டவள் நான்.

"இது சயத்துப் பக்கம் சாயுது. பட்சே உறப்பிச்சு, தீர்மானமா சொல்ல முடியாது. வயித்தைத் திறந்து ஒரு துண்டு எடுத்துப் பார்க்கணும். சேட்டன் வேண்டாம்னு சொல்லிட்டுப் போயாச்சு."

அன்று சாயங்காலம் என் கணவரைக் கேட்டேன். தலை நிமிராமல் பதில் சொன்னார்.

"புத்துன்னா பாவம்னு பார்ப்பாவ. சயம்னா இந்த லைன் வீட்டுப் பொதுக் கெணத்துல வாளி போட விடுவாவளா? ரெண்டு பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கேன். துண்டு எடுத்துச் சயம்னு வந்துட்டா என்ன செய்ய?"

"அப்ப நான் செத்தா பரவாயில்ல?"

ஆப்பரேஷனுக்கு நானே எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். துண்டைச் சோதித்ததில் சயம் என்று வந்தது. நெஞ்சுப் படம் சுத்தமாக இருந்தது. ஊசியும், சிறுநீரைச் சிவப்பாக்கும் மாத்திரையுமாக ஒரு வருஷத்துக்கு மேல் வைத்தியம் நடந்தது. மெல்ல உடம்பு தேறியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் கிணற்றடியில் பெண்கள் எல்லோரும் இருக்கும்போது நானே சொன்னேன். "எனக்குக் கொடல்ல சயம். நெஞ்சுல இல்ல, இருமிப் பரவாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. வாளி போடாதேங்கறவ இப்பவே சொல்லிருங்க." அவரவர் வாளியைக் கிணற்றில் இறக்கினார்கள். ஒருத்தி மட்டும் கொஞ்ச நாள் தெருக்குழாய்க்குப் போனாள். கூட்டம் தாங்காமல் திரும்பி வந்துவிட்டாள். பிள்ளைகளுக்கும் காலாகாலத்தில் நல்ல இடம் அமைந்தது.

என் கணவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. டாக்டர் சொன்ன இரண்டில் சொல்லக் கூசாத நோயாகப் பார்த்து அவர் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து எந்த டாக்டரிடம் போனாலும், எதிர் நாற்காலியில் நான்தான் உட்காருகிறேன். கூட வந்தவர்கள்தான் வெளியே நிற்கிறார்கள்.