ஒரே டேக்

“என் அகராதியில ‘இன்னொரு தடவை’ங்கற பேச்சே கிடையாது. சிரிப்போ, அழுகையோ, சாவோ, எல்லாம் ஒரே டேக்!”

பத்திரிகைக்கு இப்படித் திருவாய் மலர்ந்தபோது நடிகருக்கு முப்பத்தாறு வயது. பேட்டியை லேமினேட் செய்து வரவேற்பறையில் மாட்டினார். “அப்ப டீயும் ஒரே தடவைதான்” என்று மனைவி சமையலறையிலிருந்து தீர்ப்பு வழங்கினாள்.

பிறகு புகழ் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது. கடைசியாக அவரை அடையாளம் கண்டுகொண்டவர் பல் டாக்டர். அதுவும் எக்ஸ்ரேயை வைத்து.

அறுபத்தெட்டாம் வயதில் ஒரு மருத்துவக் கல்லூரி அழைத்தது. மனைவி இறந்த செய்தியைக் கணவனிடம் எப்படிச் சொல்வது என்று மாணவர்களுக்குத் தேர்வு. கணவனாக நடிக்க ஆள் வேண்டும். “மெயின் ரோல்தானே?” என்று மட்டும் விசாரித்துக்கொண்டார்.

மகள் தடுத்தாள். “அம்மா போய் பத்து மாசம்கூட முடியல. உங்களுக்கு ஏம்ப்பா இந்த வேஷம்?”

“வேஷம் வேற, நான் வேறம்மா. யாராவது ஒருத்தர் ‘நல்லா நடிச்சீங்க’ன்னு சொல்லிட்டா போதும்.”

மகளிடம் சொல்லாத விஷயம் ஒன்றிருந்தது. மனைவி இறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் அந்தச் செய்தியை நிஜமாகவே சொன்னபோது, நாற்பது படங்களில் கதறியழுத மகா கலைஞர், “பார்க்கிங் சீட்டை எங்க வெச்சேன்னு தெரியலையே” என்றார். அவ்வளவுதான். ஒரே டேக்.

தேர்வறையில் இரண்டு நாற்காலிகள், ஒரு டிஷ்யூ பெட்டி, மூலையில் மதிப்பெண் தாளோடு பேராசிரியை. முதல் மாணவன் சுவரைப் பார்த்துச் செய்தி சொன்னான். நடிகர் மார்பில் அறைந்துகொண்டு சரிந்தார். பையன் பதறி ஓடித் தண்ணீர் கொண்டுவந்து, அதைத் தானே குடித்தான். ஆறு பேர் முடிந்தார்கள். மதிப்பெண் தாளில் நடிகருக்கென்று ஒரு கட்டம்கூட இல்லை.

“எப்படி மேடம் இருந்துச்சு?”

“கொஞ்சம் குறைச்சுக்குங்க சார். பசங்க மிரள்றாங்க.”

ஏழாவதாக வந்த பெண் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

“சார், உங்க மனைவி இறந்துட்டாங்க. எங்களால காப்பாத்த முடியல. கடைசி வரைக்கும் நான் பக்கத்துலயே இருந்தேன். அவங்க தனியா போகல.”

டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

மார்பில் அறைய வேண்டிய கை சட்டைப் பையைத் துழாவியது. “சீட்டு… இங்கதான்…” என்றார். கையில் எதுவும் அகப்படவில்லை. கை அங்கேயே நின்றது. தோள் மட்டும் குலுங்கியது, சத்தமே இல்லாமல்.

மணி அடித்தது. பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். “சார், பிரமாதம்! அப்படியே நிஜம் மாதிரி இருந்துச்சு. இப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததே இல்ல.”

இத்தனை வருடம் காத்துக் கிடந்த பாராட்டு. அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. எழுந்து நின்ற பெண்ணைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டரம்மா,” என்றார் மெதுவாக, “இன்னொரு தடவை சொல்றீங்களா?”