பாறை இல்லாத வளைவு

செய்தி வந்தபோது நான் ஸ்கோன் பணிஸ் சுடும் தட்டுகளுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். எங்கள் சமையல்காரர் சிவா அண்ணை போனை வைத்துவிட்டு, முதலில் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். குசினிக்குள் அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

"பிள்ளை, எஸ்னாத் மோசம் போயிட்டா," என்றார். "விடியக்காலமை, நித்திரையிலயே உயிர் போயிட்டுது."

வாசலில் ஒரு உருளைக்கிழங்குச் சாக்குக் கிடந்தது. எஸ்னாத் அன்ரி வந்ததும் சேர்ந்து தூக்கலாம் என்று அதைத் தொடாமல் விட்டிருந்தோம். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தமிழ்க் கடையில் மிளகாய்த்தூளை மணந்து பார்த்து வாங்கும் உயரமான ஆபிரிக்கப் பெண் அவர்தான். கிறிஸ்தவராக இருந்தும் தேருக்கு வந்து வடம் பிடித்து, "உங்கட சாமி சரியான பாரம்" என்று சிரித்தவரும் அவர்தான். மலாவி நாட்டவர். நாங்கள் குடியிருக்கும் கிரவீனுக்குப் பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்தின் குசினியில் நான் அவரோடு மூன்று வருடம் வேலை செய்தேன். அவர் என்னோடு பேசியது ஆங்கிலத்தில். எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்பின் முன்னால் நின்று பேசச் சொன்னால் எனக்குக் குரல் வராது. குசினியில் யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்துத்தான் வேலைக்குப் போனேன். முதல் நாளே ஒரு சாக்கைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். உதவிக்குக் கூப்பிட வாய் திறக்க வேண்டும். இழுப்பது அதைவிடச் சுலபம். அன்ரி வந்து சாக்கின் மேல் காலை வைத்தார்.

"நீ என்ன, எறும்போ?"

நான் இன்னும் பலமாக இழுத்தேன்.

"ஒரு தலை கூரையைச் சுமக்காது. எங்கட ஊர்ப் பழமொழி. 'ஒரு கை பிடியுங்கோ' என்று கேள்."

நான் கேட்கவில்லை. அவரும் காலை எடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாடு பிந்தப் போகிறது என்று சிவா அண்ணை கத்தத் தொடங்கிய பிறகுதான் அது என் வாயிலிருந்து வந்தது, அதுவும் வெறும் காற்றாக.

"போதும், கேட்டது," என்று அவர் மற்றப் பக்கத்தைப் பிடித்தார். அதன்பிறகு ஒவ்வொரு சாக்குக்கும் இதே சண்டை, முடிவில் இதே "கேட்டது".

இன்னொரு நாள் சிவா அண்ணை என் காலைப் பார்த்து, "ஈரச் சப்பாத்தோட உள்ள வராத," என்றார். அன்ரி துள்ளித் திரும்பினார். அவர்களுடைய மொழியிலும் காலில் போடுவது ந்சப்பாத்தோ.

"உங்களிட்டயும் போர்த்துக்கீசர் வந்தவங்களோ?"

"வந்து, கோயிலை இடிச்சு, கோட்டை கட்டினவங்கள்," என்றார் சிவா அண்ணை.

"அப்ப நாங்கள் சொந்தக்காரர்!" என்று அவர் அண்ணையின் முதுகில் மாவுக் கையால் அடித்தார். அந்த வெள்ளைக் கை அடையாளத்தோடுதான் அண்ணை அன்று வீட்டுக்குப் போனார்.

நான் முக்கியமாக எழுத வந்தது இனித்தான்.

எங்கள் இல்லத்தில் வியாழக்கிழமைக் காலைத் தேநீரின்போது யாராவது ஒருவர் தன் குடும்பப் பொருள் ஒன்றைக் காட்டிப் பேசுவார். தொண்ணூறைத் தாண்டிய மிஸ்டர் பார்லோ, தன் முறை வரும்போதெல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்ட அதே இரண்டு படங்களையே கொண்டுவருவார். ஒன்று, அவருடைய தகப்பனார் இளவயதில் ஆபிரிக்காவில் எல்லை அளந்தபோது வரைந்த வரைபடம். மற்றது, அந்தப் பயணத்தில் எடுத்த புகைப்படம். படத்தில் ஒரு வெள்ளைக்காரர் கதிரையில் இருக்கிறார். பின்னால் தலையில் பாரத்தோடு கறுப்பு மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கீழே தகப்பனாரின் பெயர். அதற்குப் பிறகு "சுமைகூலிகளுடன்" என்று ஒரே ஒரு சொல்.

"நூல் பிடித்தது போன்ற கோடு," என்பார் மிஸ்டர் பார்லோ. "இந்த ஓர் இடத்தில் மட்டும் வளைகிறது. அங்கே ஒரு பெரிய பாறை. அதைச் சுற்றிப் போனார் என் தந்தை. அவ்வளவு நேர்மை."

அப்படி ஒரு வியாழக்கிழமை தேநீர் ஊற்றியது எஸ்னாத் அன்ரி. வளைவுக்குப் பக்கத்தில் எழுதியிருந்த தன் ஊர் ஓடையின் பெயரைக் கண்டதும் அவர் கை நின்றுவிட்டது. தேநீர் நிற்கவில்லை. கோப்பை நிரம்பி, தட்டு நிரம்பி, மேசை விரிப்பில் ஓடியது. குசினிக்கு ஓடிவந்து, குளிர்ப்பெட்டியில் சாய்ந்து, கண்ணீர் வரும் வரை சிரித்தார். சிரித்து முடிந்தும் கண்ணீர் நிற்காததால் நாங்கள் பயந்துபோனோம்.

பிறகு சொன்னார். அவருடைய தாத்தா பிறந்தபோது மலாவி என்று ஒரு நாடு இல்லை. ஐரோப்பிய நாடுகள் ஆபிரிக்காவைப் பங்கு போட்டபோது, அவர்கள் ஊரின் ஒரு பக்கம் பிரித்தானியருக்கும் மறுபக்கம் போர்த்துக்கீசருக்கும் போனது. மேசையில் கோடு கீறியவர்கள் அந்த ஊரைக் கண்டதில்லை. அதை நிலத்தில் கீற அளவைக்காரர் வந்தபோது, ஊர் இளைஞர்களைப் பிடித்துப் பாரம் ஏற்றினார்கள். தாத்தா அளவைச் சங்கிலி இழுத்தார். அவருடைய அண்ணன் கம்வெந்தோ அளவைக் கருவியின் முக்காலியைத் தலையில் சுமந்தார். தங்கள் ஊரை வெட்டும் கோட்டைத் தங்கள் கையாலேயே இழுத்தார்கள். அந்தக் கோடு ஓடையின் ஊற்றையும் தாயின் புதைகுழியையும் போர்த்துக்கீசர் பக்கம் தள்ளியது.

அந்த இடத்துக்கு வந்ததும் துரைக்கு, அதாவது மிஸ்டர் பார்லோவின் தகப்பனாருக்கு, காய்ச்சல் கண்டது. கொடி நட்ட இடத்தில் எல்லைக் கற்குவியலைக் கட்டும்படி சொல்லிவிட்டுக் கூடாரத்தில் படுத்துவிட்டார். அண்ணனும் தம்பியும் மற்றவர்களும் நல்ல பகலில், பாட்டுப் பாடிக்கொண்டு, கொடியையும் கற்களையும் ஊற்றுக்கு அப்பால் கொண்டுபோய்க் கட்டினார்கள். துரைக்குப் பாட்டு மட்டும் கேட்டது. எழும்பி வந்து பார்த்தவர், காய்ச்சலுக்கு முன் தானே அங்கே குறித்ததாக நினைத்துக்கொண்டார். தான் பிழைவிட்டதாக அவரால் நினைக்க முடியவில்லை. தன் கற்குவியலைத் தொடுவதற்காகக் கோட்டை வளைத்தார்.

"பாறை?" என்று கேட்டார் சிவா அண்ணை.

"பாறையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அங்க எங்கட சோளத்தோட்டம்!"

"அப்ப நல்ல பக்கத்துக்கு வந்திட்டியள்."

"நல்ல பக்கம் எங்க இருந்தது? இங்கால குடிசை வரி. கட்டாவிட்டால் குடிசையைக் கொளுத்துவாங்கள். அங்கால கட்டாய வேலை. தாத்தாவின்ர மச்சான்மாரைக் கயிற்றில கட்டிக் கொண்டுபோனாங்கள், ஒருத்தரும் திரும்பி வரயில்லை. தண்ணி இருந்த பக்கம்தான் எங்களுக்கு நல்ல பக்கம்."

கம்வெந்தோ திரும்பும் வழியில் காய்ச்சலோடு விழுந்தார். விழுந்தவரை விட்டுவிட்டு நடப்பதுதான் கட்டளை. திரும்பிப் பார்த்த தம்பிக்குக் கங்காணியின் சவுக்கடி விழுந்தது. முக்காலியைத் தம்பியின் தலையில் ஏற்றினார்கள். "காலையில் உன் பாரம் கூடினால், ஒரு ஆள் குறைந்துவிட்டான் என்று அர்த்தம்" என்று தாத்தா கடைசிவரை சொல்வாராம். அண்ணனின் உடல் கிடைக்கவில்லை. அவருக்குக் குழியும் இல்லை, சிலுவையும் இல்லை. பெயர் எழுதிய ஒரு துண்டுக் கடுதாசிகூட உலகத்தில் இல்லை.

"இப்ப அவற்ற முகம் கிடைச்சிருக்கு," என்றார் அன்ரி. "முக்காலியோட நிக்கிறவர். அந்தப் படத்துக்குக் கீழ அவற்ற பெயர் வரவேணும்."

அனுமதி கேட்டபோது இல்லத்தின் மனேஜர் மறுத்துவிட்டார். முதியவர்களின் மனதை ஊழியர்கள் குழப்பக் கூடாது, மீறினால் எழுத்தில் எச்சரிக்கை என்றார்.

"விடுங்கோ எஸ்னாத்," என்று சிவா அண்ணை கெஞ்சினார். "கிழவன் கொம்ப்ளெயின்ற் பண்ணினால் வேலை போயிடும்."

"தாத்தா துரையின்ர கோட்டையே வளைச்சவர். நான் ஒரு பெயரைக் கேக்கப் பயப்பிடுறதோ?"

மிஸ்டர் பார்லோவின் முறை மறுபடி வந்த வியாழக்கிழமை, அவர் பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்தது. அன்ரி தேநீர் வண்டியை நடு மண்டபத்தில் நிறுத்தினார். மனேஜரும் அங்கே நின்றார்.

"மிஸ்டர் பார்லோ, அந்த வளைவைச் செய்தது என் தாத்தா," என்று தொடங்கி முழுவதையும் சொன்னார். சத்தம் போடவில்லை.

மிஸ்டர் பார்லோவின் முகம் சிவந்தது. "என் தந்தை பிழைவிடுகிற ஆள் இல்லை. அங்கே பாறை இருக்கிறது."

அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு முந்தின நாளே நான் என் போனில் வானத்திலிருந்து எடுத்த படத்தில் அந்த இடத்தைத் தேடி எடுத்து அவருக்குக் காட்டியிருந்தேன். சாக்கின் மேல் கால் வைத்த அன்று பார்த்தது போலவே பார்த்தார். நான் நடந்துபோய்ப் போனை மிஸ்டர் பார்லோவின் முன்னால் பிடித்தேன். சமதரை. பச்சைத் தோட்டம். அதற்குள் எல்லைக் கோடு ஒரு முழங்கை போல வளைந்து திரும்பியது.

"அங்கே பாறை இல்லை, மிஸ்டர் பார்லோ," என்றேன். கடைசி வரிசைக்கும் கேட்டதாம்.

பின்னாலிருந்து ஒரு கிழவி, "உன் அப்பாவை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள், ஹென்றி!" என்று கத்தினார். மண்டபம் முழுவதும் சிரித்தது. மிஸ்டர் பார்லோ மட்டும் தேநீரைத் தொடாமல் சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் அவர் சாப்பிட வரவில்லை. அன்ரிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை மடித்து, ஆடும் மேசையின் காலுக்குக் கீழே வைத்தார். மூன்றாம் நாள் மிஸ்டர் பார்லோ சக்கர நாற்காலியில் குசினி வாசலுக்கு வந்தார். மடியில் சட்டத்திலிருந்து கழற்றிய அந்தப் புகைப்படமும் தகப்பனாரின் பழைய குறிப்புப் புத்தகமும். புத்தகம் முழுவதையும் வாசித்திருந்தார்.

"திரும்பிவந்த வழியில் ஒரு தெர்மோமீட்டர் உடைந்ததை எழுதியிருக்கிறார்," என்றார். "உன் ஆளை எழுதவில்லை."

அன்ரி கஞ்சி அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"பெயரைச் சொல். மெதுவாகச் சொல், காது மந்தம்."

அன்ரி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். மிஸ்டர் பார்லோ படத்துக்குக் கீழே எழுதினார். கோணல் எழுத்துத்தான். ஆனால் அது தகப்பனாரின் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. வரிசையில் நின்ற மற்றவர்களைக் காட்டி, "இவர்கள்?" என்று கேட்டார். தாத்தாவின் பெயரையும் இன்னும் இரண்டு பெயர்களையும் அன்ரி சொன்னார். மீதிப் பேர் அவருக்குத் தெரியவில்லை. "இடம் விடுங்கள்," என்றார். இடம் விடப்பட்டிருக்கிறது. அந்தப் படம் இன்று உணவு மண்டபத்தில் தொங்குகிறது. மனேஜரே ஆணி அடித்தார்.

அன்று அன்ரி சோற்றுக் கரண்டியைத் தலையில் வைத்துக்கொண்டு குசினிக்குள் ஆடினார். சிவா அண்ணையும் ஆடினார். நானும் கொஞ்சம் ஆடினேன்.

செத்தவீட்டுக்கு உங்களில் எத்தனையோ பேர் வந்திருந்தீர்கள். தேவாலயத்தில் பெட்டியைத் தூக்கும் நேரம் அவருடைய மகள் என்னிடம் வந்து, "சாக்கின் மற்றப் பக்கம் பிடிக்கிற பிள்ளை நீதானே? வா," என்றார். எங்களில் பெண்கள் தூக்குவதில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு என் கைப்பையை வாங்கிக்கொண்டார். எட்டுப் பேர் தூக்கினோம். வாசலில் மிஸ்டர் பார்லோ நாற்காலியிலிருந்து கையை நீட்டினார். பெட்டியை அவர் உயரத்துக்குத் தாழ்த்தினோம். உள்ளங்கையை அதன் அடியில் வைத்து, கார் வரை அப்படியே கூட வந்தார். அந்தக் குடும்பத்தில் ஒருவர் வழியில் விடப்பட்டார். எஸ்னாத் அன்ரியை ஒருவரும் விடவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சின்ன வாசகத்தைத்தான். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அந்தச் சாக்கு வாசலிலேயே கிடந்தது. என் கை அதை இழுக்கத்தான் முதலில் பார்த்தது. பிறகு நிமிர்ந்து நின்று கூப்பிட்டேன்.

"ஒரு கை பிடியுங்கோ!"

சிவா அண்ணை ஓடிவந்தார். உணவு மண்டபத்திலிருந்து, அந்தப் படத்துக்குக் கீழே இருக்கும் மேசையிலிருந்து, தமிழ் தெரியாத, காது மந்தமான மிஸ்டர் பார்லோ, அன்ரி சொல்லும் அதே பதிலை ஆங்கிலத்தில் கத்தினார்:

"கேட்டது!"